மலை, ஏரி, பனியாறு: காஷ்மீர் குழுச் சுற்றுலா புறப்படுவோர் கவனத்திற்கு

பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு முடியும் நேரத்தில் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்களில் காஷ்மீர் சுற்றுலா விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. ஐந்து இரவு, ஆறு பகல். ஸ்ரீநகர், குல்மார்க், சோனாமார்க், பஹல்காம். ஹலால் உணவு, தொழுகை வசதி, குடும்பத்தோடு வரலாம். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு குழு. வளைகுடாவில் உழைக்கும் மகன் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சேர்த்துப் பணம் அனுப்பிவிடுகிறார். அந்த முதியவர்களுக்கு இது வாழ்வில் ஒரே ஒரு முறை அமையும் பயணமாகவும் இருக்கலாம்.

இந்த விளம்பரங்களில் ஒரு பொதுவான தன்மை உண்டு. மலை ஒரு நாள், ஏரி ஒரு நாள், பனியாறு ஒரு நாள் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். மூன்றும் தனித்தனிக் காட்சிகள் போலவும், ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் நின்று படம் எடுத்தால் பார்த்து முடித்ததாகவும் ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. காஷ்மீரில் அப்படிப் பிரிக்க முடியாது. சோனாமார்க்கில் பிள்ளைகள் கையில் எடுத்து விளையாடும் பனி உருகினால் சிந்து ஓடையில் சேரும். அது ஜீலம் நதியில் கலக்கும். ஜீலம் வூலர் ஏரிக்குள் நுழைந்து வெளியேறும். பயணத் திட்டத்தில் உள்ள ஊர்கள் எல்லாம் ஒரே நீரின் கரையில் உள்ளவை. இது தெரிந்து போகிறவர் பார்ப்பதும், தெரியாமல் போகிறவர் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது.

(இங்கே சிந்து ஓடை என்பது லடாக்கிலிருந்து வரும் பெரிய சிந்து நதி அன்று. பெயர் ஒன்றுதான், ஆறு வேறு. வண்டி ஓட்டுநர்கள் சொல்லும்போது நம்மவர்கள் குழம்பிப்போவதுண்டு.)

முதலில் பள்ளத்தாக்கின் அமைப்பைப் பார்ப்போம். தென்மேற்கே பீர் பஞ்சால் மலைத்தொடர், வடகிழக்கே பெரிய இமயமலை. நடுவில் ஏறத்தாழ 135 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் கொண்ட ஒரு கிண்ணம் போன்ற நிலம். இந்தக் கிண்ணம் முழுவதும் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. காஷ்யபர் மலையை வெட்டி நீரை வடியச் செய்தார் என்று அங்குள்ள பழைய புராணக் கதை சொல்கிறது. நிலவியல் ஆய்வாளர்களும் ஏரி இருந்ததை ஒப்புக்கொள்கிறார்கள். பல இலட்சம் ஆண்டுகளாக அதன் அடியில் படிந்த வண்டல் இன்று மேடுகளாக நிற்கிறது. கரேவா என்று அழைக்கப்படும் அந்த மேடுகளில்தான் பாம்போர் பகுதியின் குங்குமப்பூ விளைகிறது. ஸ்ரீநகரிலிருந்து பஹல்காம் போகும் வழியில் சாலையோரக் குங்குமப்பூக் கடைகளில் வண்டி நிற்கும். விலை பேசி முடித்த பிறகு, கடைக்கு அப்பால் தெரியும் அந்த மண்மேட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவர்கள் பார்ப்பது ஓர் ஏரியின் அடித்தரை.

இனி பனியாறு. நம் மக்கள் 'பனிப்பாறை' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். பாறை என்றால் அசையாதது என்று பொருளாகிவிடும். இது அசைகிறது. உயரத்தில் ஆண்டுதோறும் விழும் பனி முழுவதும் உருகிவிடாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கிறது. மேலுள்ள எடை அழுத்த அழுத்த அடியிலுள்ள பனி இறுகிக் கட்டியாகிறது. பிறகு தன் எடையாலேயே மலைச்சரிவில் மெல்ல மெல்லக் கீழே நகர்கிறது. நகரும்போது மலையை அரைக்கிறது. அப்படி அரைபட்ட கல்மாவு கலந்துதான் பனியாற்று நீர் வெளுத்துத் தெரிகிறது. உயர்மலை ஏரிகளின் அந்தப் பச்சை நீல நிறத்துக்கும் அதுவே காரணம். ஹர்முக் மலையின் அடிவாரத்திலுள்ள கங்காபல், அதற்கும் அப்பாலுள்ள விஷன்சர், கிஷன்சர் போன்ற ஏரிகள் எல்லாம் பழைய பனியாறுகள் தோண்டிவிட்டுப் போன பள்ளங்கள். அவற்றைப் பார்க்கப் பல நாள் மலையில் நடக்க வேண்டும். குடும்பக் குழுக்களுக்கு அது சரிப்படாது.

குடும்பங்கள் போவது சோனாமார்க்கிலுள்ள தாஜிவாஸுக்கு. குதிரையிலோ உள்ளூர் வண்டியிலோ, கால் வலு உள்ளவர்கள் நடந்தோ போகலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அங்கே கோடையில் பயணிகள் மிதித்து விளையாடும் பனி பெரும்பாலும் குளிர்காலத்தில் விழுந்தும் சரிந்தும் பள்ளத்தில் தங்கிப்போனது. உண்மையான பனியாறு அதற்கு மேலே, பாறை இடுக்குகளில், சற்றே அழுக்கு நிறத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஜூலையில் போய்விட்டு "பனியே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஏற்பாட்டாளரிடம் சண்டை போடுகிறவர்கள் மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நிமிர்ந்து பார்த்தாலும் முன்பு இருந்த அளவு இப்போது இல்லை. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் மிகப் பெரிய பனியாறு கோலஹோய். 5,425 மீட்டர் உயரமுள்ள கோலஹோய் சிகரத்தின் கீழ் இருக்கிறது. பஹல்காமில் விடுதிச் சன்னலைத் திறந்தால் இரைச்சலோடு ஓடும் லித்தர் ஆற்றின் ஒரு கிளை அங்கிருந்துதான் வருகிறது. மறு கிளை சேஷ்நாக் பக்கமிருந்து வருகிறது. 1960களின் தொடக்கத்திலிருந்து கோலஹோய் தன் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிட்டது. வெப்பம் கூடியது முதற்காரணம். பனியின் மேல் படியும் புகைக்கரி வெயிலை உறிஞ்சி உருகலை இன்னும் விரைவாக்குகிறது. டீசல் வண்டிகள், விறகடுப்புகள், செங்கல் சூளைகள் என்று அந்தக் கரி பல இடங்களிலிருந்து வருகிறது. மலைச்சாலையில் எஞ்சினை ஓடவிட்டபடி மணிக்கணக்கில் நிற்கும் சுற்றுலா வண்டிகளுக்கும் அதில் பங்குண்டு.

பனி எவ்வளவு விழுகிறது என்பதோடு எப்போது விழுகிறது என்பதும் முக்கியம். காஷ்மீர் மக்கள் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களை 'சில்லை கலான்' என்கிறார்கள். பெருங்குளிர்க் காலம் என்று பொருள். அந்த நாற்பது நாளில் விழும் பனி இறுகி நின்றுவிடும். கோடை முழுவதும் சிறிது சிறிதாக உருகி ஓடைகளுக்கு நீர் கொடுக்கும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ விழும் பனி அதே அளவு இருந்தாலும் சில வாரங்களில் உருகிப் போய்விடும். 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லாமல் புல்தரை காய்ந்து கிடந்த படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பனிச்சறுக்குக்கு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அது செய்தியானது. 2025 பிப்ரவரியில் அனந்த்நாக் மாவட்டத்தின் அச்சபல் ஊற்று வற்றிப்போனது. முகலாயர் தோட்டம் அமைத்த ஊற்று அது. சுற்றியுள்ள பல ஊர்களுக்குக் குடிநீரும் அதிலிருந்துதான் போனது. நெல் வயலுக்கு நீர் போதாமல் ஆப்பிள் தோட்டத்துக்கு மாறிய விவசாயிகள் அங்கே ஏராளம். சாலையின் இருபுறமும் ஆப்பிள் மரங்கள் அழகாக நிற்பதைப் பார்ப்போம். அவற்றில் சில இடங்கள் நேற்றுவரை நெல் வயல்கள்.

ஏரிக்கு வருவோம். தால் ஏரியின் படகு வீட்டில் ஒரு இரவு என்பது எல்லாத் திட்டத்திலும் இருக்கும். படகு வீடுகள் பெருகியதற்கு ஒரு வரலாறு உண்டு. டோக்ரா அரசர்களின் ஆட்சியில் வெளியார் நிலம் வாங்க முடியாது. கோடைக்கு வந்த ஆங்கிலேயர்கள் அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். நிலத்தில்தானே தடை, நீரில் இல்லையே என்று மிதக்கும் வீடுகள் கட்டச் செய்தார்கள். ஏரியின் மற்றோர் அதிசயம் மிதக்கும் காய்கறித் தோட்டங்கள். நாணலும் நீர்த்தாவரங்களும் சேர்த்துப் பின்னிய படுகையில் தக்காளியும் வெள்ளரியும் விளையும். ஃபஜ்ருக்குப் பிறகு தூங்கப் போகாமல் ஷிகாரா படகு ஒன்றைப் பேசி வைத்தால், படகுகளிலேயே நடக்கும் காய்கறிச் சந்தையைப் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் அது கலைந்துவிடும்.

தால் ஏரி கெட்டுப்போனதற்குப் படகு வீட்டுக்காரர்கள்மீதுதான் எல்லோரும் பழி போடுவார்கள். உண்மையில் சுற்றியுள்ள நகரத்தின் சாக்கடையே பெரும் பங்கு. ஏரிகளும் சதுப்புகளும் சுருங்கியதன் விலை 2014 செப்டம்பரில் தெரிந்தது. தொடர்மழையில் ஜீலம் பெருகியபோது, வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய தாழ்நிலங்களில் வீடுகள் நின்றன. ஸ்ரீநகரின் பெரும்பகுதி நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தது. பள்ளிக்கரணையையும் 2015 டிசம்பரையும் அறிந்த சென்னைக் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், பயணத் திட்டம் போடும்போதே இது உதவும். நான்கு ஊர், ஊருக்கு ஐந்து இடம் என்று இருபது இடங்களை ஓடிப் பார்ப்பதைவிட, நீரின் வழியைப் பிடித்து ஐந்தாறு இடங்களை நின்று பார்க்கலாம். குழுவில் முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தால் இது உடலுக்கும் நல்லது.

உயரத்தை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எளிதாக விளங்கும். ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,600 மீட்டர். ஏற்காட்டைவிடச் சற்று உயரம். பஹல்காம் ஊட்டியளவு. குல்மார்க் 2,650 மீட்டர். அதாவது நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவின் உயரத்தில்தான் குல்மார்க் புல்வெளியே இருக்கிறது. இதுவரை பெரும்பாலானோருக்குச் சிக்கல் வராது. குல்மார்க்கின் கொண்டோலா எனும் கம்பிவண்டியில் இரண்டாம் கட்டம் ஏறினால் 3,950 மீட்டர் வரை போய்விடுகிறது. சற்று நேரத்துக்குள் 1,300 மீட்டர் ஏற்றம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கைவிடவும் குறைவு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய உடம்பு இது. இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் புறப்படும் முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் "கொஞ்சம் உட்காருங்க, சரியாயிடும்" என்று மேலேயே வைத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டோமே என்று வாப்பாவை வற்புறுத்தி மேலே ஏற்றும் பிள்ளைகளைப் பார்க்கத்தான் செய்கிறோம். முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டு ஒரு கஹ்வா குடித்தபடி அவர் மலையைப் பார்க்கட்டும்.

தொழுகை விஷயத்தில் குழுவாகப் போகும்போது எழும் சிறு பிணக்குகளைப் பேசித் தீர்த்துக்கொண்டு புறப்படுவது நல்லது. நம் குழுக்களில் ஷாஃபிஈகளும் ஹனஃபீகளும் கலந்தே இருப்பார்கள். கஸ்ர் இருவருக்கும் உண்டு. ஓர் ஊரில் எத்தனை நாள் தங்கும் எண்ணம் இருந்தால் கஸ்ர் இல்லை என்பதில்தான் வேறுபாடு: வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் என்பது ஷாஃபிஈ மத்ஹப், பதினைந்து நாள் என்பது ஹனஃபீ மத்ஹப். வழக்கமான ஆறு நாள் பயணத்தில் ஊர் மாறி மாறித் தங்குவதால் பெரும்பாலும் இரு சாராரும் பயணிகளாகவே இருப்பார்கள். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ ஷாஃபிஈகளுக்கு அனுமதி உண்டு. ஹனஃபீகள் ஹஜ்ஜின்போது தவிர அப்படிச் சேர்ப்பதில்லை. ஆகவே மதியம் வண்டியை ஒரு முறை மட்டும் நிறுத்துவது என்று ஏற்பாட்டாளர் முடிவு செய்தால் ஹனஃபீ சகோதரர்கள் சங்கடப்படுவார்கள். லுஹரின் கடைசி நேரத்தை ஒட்டி நிறுத்தினால் அதை அதன் நேரத்திலும், சற்றுப் பொறுத்து அஸரை அதன் தொடக்கத்திலும் தொழுதுவிட்டு எல்லோரும் புறப்படலாம். காஷ்மீர் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனஃபீகள் என்பதால் அங்குள்ள பள்ளிவாசல்களில் அஸர் தாமதமாகவே நடக்கும். நம் கணக்கில் நேரமாகிவிட்டதே, ஜமாஅத்தைக் காணோமே என்று திகைக்க வேண்டாம். ஊர் இமாமின் பின்னே தொழுதால் நான்கு ரக்அத்தும் முழுமையாகத் தொழ வேண்டும்.

உளூவுக்கான நீர் கோடையிலும் விறைக்கும். தோல் காலுறை ஒரு ஜோடி வாங்கிச் சென்றால் பயணிக்கு மூன்று இரவு பகல் அதன்மேல் மஸ்ஹு செய்யும் சலுகை இருக்கிறது. முழு உளூவோடு அணிந்திருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மெல்லிய துணிக் காலுறை இந்த இரு மத்ஹபுகளிலும் போதாது. காஷ்மீரின் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஹம்மாம் உண்டு. கல் பாவிய தரையின் கீழ் விறகு எரித்துச் சூடாக்கிய அறை அது. உளூவுக்கு வெந்நீரும் அங்கேயே கிடைக்கும். குளிர்காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் தொழுகை முடிந்தும் அந்தத் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பெண்களுக்கான இடம் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கும் என்று எண்ணிவிடாமல் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநகரில் நேரம் கிடைத்தால் ஜாமிஆ மஸ்ஜிதைத் தவறவிடாதீர்கள். சுல்தான் சிக்கந்தர் காலத்தில் தொடங்கியது. முழு தேவதாரு மரங்களையே தூணாக நிறுத்திய, முந்நூறுக்கும் மேற்பட்ட தூண்கள் கொண்ட கூடம். அந்த மரங்களும் இதே மலைகளில் வளரும் இனம்தான்.

செலவு பற்றிச் சில வார்த்தைகள். தொகுப்புக் கட்டணத்தில் எது சேராது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியிலிருந்து வரும் வண்டி பஹல்காமின் ஆரு, பேதாப் பள்ளத்தாக்குகளுக்கும் சோனாமார்க்கின் உள்பகுதிகளுக்கும் போக விடமாட்டார்கள். உள்ளூர் சங்க வண்டி எடுக்க வேண்டும். குதிரையும் கம்பிவண்டியும் பெரும்பாலும் தனிச்செலவு. கம்பிவண்டி டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுக்காவிட்டால் அங்கே போய் நிற்பது வீண். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. குழுவில் நான்கைந்து பேரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் அமர்நாத் யாத்திரை நடப்பதால் பஹல்காம், சோனாமார்க் சாலைகளில் கட்டுப்பாடுகள் இருக்கும். சோனாமார்க் சாலையில் 2025 ஜனவரியில் திறந்த 6.5 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வந்தபிறகு குளிர்காலத்திலும் அங்கே போக முடிகிறது.

குதிரைக்காரரிடம் பேரம் பேசும்போது ஒன்றை நினைவில் கொள்ளலாம். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமை அடுத்த பைசரன் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர், பயணிகளைக் காக்க முற்பட்ட உள்ளூர் முஸ்லிம் குதிரைக்காரர். அதன்பின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, படிப்படியாகத்தான் சில திறக்கப்பட்டன. எது திறந்திருக்கிறது என்று புறப்படும் வாரத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்தக் கோடையில் ஷிகாராக்காரர்களும் குதிரைக்காரர்களும் வருமானமின்றி இருந்தார்கள். அவர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான சம்பாத்தியம் இந்தச் சில மாதங்களில்தான். அரசு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, அதைக் கொடுத்துவிடுவது இரு தரப்புக்கும் நிம்மதி.

கடைசியாக, ஏற்பாட்டாளரிடம் ஒரு மாற்றம் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது 'ஷாப்பிங்' அரைநாளை நீக்கிவிட்டு வூலர் ஏரிக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஸ்ரீநகரிலிருந்து ஒரு காலையில் போய்வரலாம். விளம்பரங்களில் இது அரிதாகவே இருக்கும். லித்தரும் சிந்து ஓடையும் கொண்டுவந்த நீரையெல்லாம் சேர்த்துக்கொண்டு ஜீலம் இங்கேதான் வந்து விரிகிறது. பிறகு சோப்பூர், பாரமுல்லா வழியே எல்லை கடந்து பாகிஸ்தானின் மங்களா அணை வரை போகிறது. 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஸைனுல் ஆபிதீன், படகுகள் புயலில் சிக்கினால் ஒதுங்குவதற்காக இந்த ஏரியில் ஒரு தீவே அமைத்தார். பிற்காலத்தில் விறகுக்கென்று ஏரிக்குள்ளேயே வில்லோ மரங்களை நட்டு, அவை வண்டலைப் பிடித்து வைத்து, ஏரி சுருங்கியது. 1992 வெள்ளத்தில் வந்த சேறு மூடி, அங்கே தாமரை பூப்பது நின்றுபோனது. தாமரைத் தண்டுதான் நத்ரு. காஷ்மீர் வீடுகளில் மீனோடும் தயிரோடும் சமைப்பார்கள். பல ஆண்டுகளாகத் தூர்வாரிய பிறகு 2025 ஜூலையில் வூலரில் மீண்டும் தாமரை பூத்தது. கரையோர ஊர்களில் அதைப் பார்க்க வந்தவர்களில், இளம்வயதில் நத்ரு பறித்துப் பிழைத்த முதியவர்களும் இருந்தார்கள்.